மீட்டர் மாற்றிய பழைய காரை விற்கிறீர்களா? வாயால் சொன்னது போதாது

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பழைய காரை புரோக்கரிடம் கொடுக்க நினைப்பவர்கள், முக்கியமாக எப்போதாவது மீட்டர் மாற்றிய வண்டி வைத்திருப்பவர்கள், கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது 2011 மாடல் சான்ட்ரோ. 2018-ல் ஸ்பீடோமீட்டர் முள் ஆடாமல் நின்றுபோனதால் சர்வீஸில் மீட்டர் செட்டையே மாற்றினார்கள். புது செட் பூஜ்யத்திலிருந்துதானே ஓடும்? பழையது நின்ற இடம் 78,412 கிலோமீட்டர், அதைப் பில்லிலேயே எழுதி வாங்கி வைத்திருந்தேன். போன வருடம் விற்கும்போது மீட்டரில் இருந்தது 53,900. ஆக வண்டி உண்மையில் ஓடியது 1,32,000-க்கும் மேல்.

சத்துவாச்சாரியில் ஒரு புரோக்கர், தெரிந்தவர் சொல்லி அறிமுகம். அவரிடம் எதையும் மறைக்கவில்லை. பில்லைக் காட்டினேன், டைமிங் பெல்ட் (இன்ஜினில் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கும் பட்டை) 60,000-ல் மாற்றியது, அடுத்தது 1,20,000-லேயே மாற்றியிருக்க வேண்டும், தள்ளிப் போய்விட்டது, வாங்குகிறவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள் என்றும் சொன்னேன். "அதெல்லாம் நான் பார்த்துக்கிறேன் சார்" என்றார். விலை பேசும்போது மட்டும் "1,30,000 ஓடின வண்டி சார், யார் வாங்குவாங்க" என்று அதே கணக்கை என்னிடமே திருப்பி, 1,15,000 ரூபாய்க்கு முடித்தார். பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 இரண்டிலும் எதையும் நிரப்பாமலே கையெழுத்து வாங்கிக்கொண்டார், பில்லையும் கேட்டார், கொடுத்துவிட்டேன். நல்லவேளை, செல்போனில் அதைப் படம் எடுத்து வைத்திருந்தேன்.

ஐந்து மாதம் கழித்து குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு வேலூர் வரும் வழியில் பள்ளிகொண்டா தாண்டி பெல்ட் அறுந்து, வால்வு வளைந்து, வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. நல்ல வெயிலில் அந்த அம்மா ஒரு மணி நேரத்துக்கு மேல் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கிறார். புரோக்கர் அந்தத் தம்பியிடம் 54,000 கிலோமீட்டர்தான் ஓடியது, ஒரே ஓனர், பெல்ட்டுக்கு இன்னும் நேரமிருக்கிறது என்று சொல்லி 1,75,000-க்கு விற்றிருக்கிறார். மீட்டரைத் திருத்தக்கூட இல்லை. உண்மையான எண்ணைக் காட்டியே பொய் சொல்லியிருக்கிறார். பெயர் மாற்றமும் செய்யவில்லை, ஆர்.சி.யில் இருந்த என் விலாசத்தைப் பார்த்துத்தான் அந்தத் தம்பி வந்தார். "அண்ணா, படிச்சவங்க, நீங்களே இப்படிப் பண்ணலாமா" என்று கேட்டபோது எனக்குப் பேச்சே வரவில்லை.

புரோக்கருக்கு போன் போட்டால், "எழுதியா கொடுத்தீங்க?" என்றார். எழுதிக் கொடுக்கவில்லை. அங்கேதான் நான் மாட்டினேன்.

அதனால் சொல்கிறேன், வண்டியை ஒப்படைக்கும் நாளில் ஒரு தாளில் எழுதுங்கள்: "மீட்டரில் இன்று இவ்வளவு, மீட்டர் இந்தத் தேதியில் மாற்றப்பட்டது, அதற்கு முன் ஓடியது இவ்வளவு, மொத்தம் இவ்வளவு." தேதியும் நேரமும் போட்டு வாங்குகிறவரிடம் கையெழுத்து வாங்குங்கள், மீட்டரைப் படம் எடுங்கள், பில்லின் நகலை மட்டும் கொடுங்கள். முடிந்தால் கடைசியில் வாங்குபவரோடு நீங்களே ஒரு முறை போனில் பேசிவிடுங்கள். புரோக்கர் இதற்கு முகம் சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

வெற்று ஃபார்மில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 50-வது பிரிவுப்படி, விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும், இது மாநிலத்துக்குள் விற்றால். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து இழப்பீடும் அவர் தலையில்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் சொல்லியிருக்கிறது. அந்த ஐந்து மாதத்தில் அந்த வண்டி யார் மீதாவது மோதியிருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. 2023 ஏப்ரலிலிருந்து பழைய வண்டி வியாபாரிகள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் வாங்க வேண்டும். அப்படிப்பட்டவரிடம் கொடுத்தால் ஃபார்ம் 29சி மூலம் வண்டி அவர் கைக்குப் போனது பதிவாகும். அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள், தப்பே இல்லை.

வாங்குகிறவர்களும் மீட்டரை மட்டும் பார்க்காதீர்கள். பிரேக், கிளட்ச் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருக்கிறதா, டிரைவர் சீட் அமுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். வண்டி நம்பரைச் சொல்லி கம்பெனி சர்வீஸில் பழைய பதிவைக் கேளுங்கள். பழைய சான்ட்ரோ மாதிரி பெல்ட் வண்டி என்றால், பெல்ட் மாற்றிய பில் இல்லாவிட்டால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு முதல் வாரமே மாற்றிவிடுங்கள்.

இன்ஜின் வேலைக்கு 28,000 ரூபாய் ஆனது. பாதியை நான் கொடுத்தேன். புரோக்கர் ஒரு ரூபாய் தரவில்லை, இப்போது போனையும் எடுப்பதில்லை. போன வாரம் அந்தத் தம்பியோடு நானே ஆர்.டி.ஓ. ஆபீஸ் போய் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். செல்போனில் இருந்த பில் படத்தை அச்செடுத்து, மொத்தக் கிலோமீட்டரை எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு அவரிடம் கொடுத்திருக்கிறேன்.