பாத்திரத்துக்கு என்ன தெரியும்: பகடையா, பயிற்சியா?

கோத்தகிரியில் நாங்கள் ஆடிவரும், ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் நடமாடும் பாத்திரமேற்பு விளையாட்டுக்கு நான் கேம் மாஸ்டர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், ஆனபோது, சண்டை விதிகளைவிட என்னை அதிகம் யோசிக்கவைத்தவை அறிவுத்திறன் சோதனைகள்தாம். "இந்தச் சின்னத்தைப் பற்றி என் பாத்திரத்துக்கு ஏதாவது தெரியுமா?" என்று ஒருவர் கேட்டால், அவரையே பகடை உருட்டச் சொல்லலாம், திரைக்குப் பின்னால் நாமே உருட்டலாம், அல்லது பாத்திரத்தின் பயிற்சியைப் பார்த்து, உருட்டாமலே சொல்லிவிடலாம். மூன்றையும் நடத்திப் பார்த்துவிட்டு, மூன்றாவதில் நிலைத்துவிட்டேன்.

முதல் வழி எல்லோருக்கும் பழக்கமானது, விரைவானது. இரண்டாவதை 2019இல் வந்த, பாத்ஃபைண்டர் என்ற பாத்திரமேற்பு விளையாட்டின் இரண்டாம் பதிப்பு விதியாகவே வைத்தது. அதில் படுதோல்வி அடைந்தவருக்குப் பொய்த் தகவல் கிடைக்கும். உருட்டிய எண் தெரியாததால் சொன்னதை நம்புவதா என்ற ஐயம் ஆட்டக்காரருக்கு உண்மையாகவே எழுகிறது, திகில் கதைக்கு அது நன்றாகப் பொருந்துகிறது. ஆனால் நம்பத்தக்க பொய்யை அந்தக் கணத்திலேயே புனைந்து, அடுத்தடுத்த அமர்வுகளிலும் மறவாமல் காப்பாற்றுவது பெரும் சுமை.

என் முடிவைத் தீர்மானித்தது, பகடை தோற்ற பிறகு மேசையில் நடப்பதுதான். நாங்கள் ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில், வரலாற்றில் பயிற்சியும் 16 அறிவாற்றலும் கொண்ட முதல் நிலைப் பாத்திரத்துக்கு, உருட்டும் எண்ணோடு கூட்டிக்கொள்ள +5 கிடைக்கும். நடுத்தரமான 15 இலக்கை எட்ட அது 20 முகப் பகடையில் 10 அல்லது அதற்கு மேல் உருட்ட வேண்டும். அதாவது 45 விழுக்காடு தோல்வி. அவர் தோற்றதும் மற்றவர்களும் உருட்டக் கேட்பார்கள். எந்தக் கூட்டலும் இல்லாத நால்வர் ஆளுக்கொரு முறை உருட்டினால், ஒருவராவது வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 76 விழுக்காடு! குன்னூர் அருகே பக்காசுரன் கோட்டையில் நான் அமைத்த கதையில், அதன் காவல் அரண்களைப் படித்த அறிஞர் வாயடைத்து நிற்க, வாள் வீசுவதைத் தவிர வேறெதுவும் கல்லாதவர் விளக்கம் சொன்னால், அறிஞராக ஆட விரும்பி வரலாற்றுப் பயிற்சியைத் தேர்ந்தவரின் தேர்வுக்கு என்ன மதிப்பு? நால்வரும் தோற்றாலோ, கதை நகரத் தேவையான செய்தி என் குறிப்பேட்டிலேயே தங்கிவிடும்.

துப்பறியும் ஆட்டங்களுக்காக ராபின் லாஸ் வடிவமைத்த கம்ஷூ முறை இதை நேரடியாகத் தீர்க்கிறது: உரிய திறனுள்ளவர் உரிய இடத்தில் தேடினால் முக்கியத் துப்பு கிடைத்துவிடும், பகடைக்கு அங்கே வேலையில்லை. நான் ஆடுவது ஐந்தாம் பதிப்பு என்பதால், அதிலேயே உள்ள செயலற்ற மதிப்பை, அதாவது 10உடன் திறனுக்குரிய கூட்டலைச் சேர்த்து வரும் எண்ணை, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். மேற்சொன்ன அறிஞரின் மதிப்பு 15. ஆகவே அதுவரையிலான செய்தி அனைத்தும் கேட்டவுடன் அவருக்குக் கிடைக்கும். அதற்கு மேற்பட்ட நுட்பத்துக்கும், எதிரி நெருங்கும் அவசரத்தில் நினைவுகூர்வதற்கும் மட்டுமே, அதுவும் பயிற்சி பெற்றவர் மட்டுமே, உருட்டலாம். வளர்ப்பையும் கணக்கில் கொள்கிறேன். நீலகிரியின் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து ஒன்றில் வளர்ந்த பாத்திரத்துக்கு, எருமைப்பாலோடு பிணைந்த அவர்களுடைய கோயிலின் வழக்கங்கள் தெரிந்திருக்க, தாளில் எந்தப் பயிற்சியும் எழுதியிருக்க வேண்டியதில்லை. வெளியூர் அறிஞர்தான் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அந்தக் கேள்வியே நல்ல உரையாடலாக வளர்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பகடை உருளும்போது எழும் படபடப்பு இதில் குறைகிறது என்பது உண்மை. எங்கள் குழுவில் ஒருவர் இன்னும் அதற்காக வருந்துகிறார். மேலும், நான் நடத்தியதெல்லாம் பாத்திரங்களின் பின்னணியை நன்கறிந்த சிறிய குழுவுக்குத்தான். முன்பின் அறியாதவர்கள் ஒரே மாலைக்காகக் கூடும் ஆட்டத்தில் யாருக்கு எது தெரியும் என்று நடத்துபவர் தீர்மானிப்பது கடினமாகலாம். அங்கே எல்லோர் முன்னும் உருட்டுவதே நியாயமாகப் படக்கூடும்.