டிவியில் 'டைட்டானிக்' ஏன் பயமுறுத்துவதில்லை?

பேரழிவுப் படங்களை டிவிக்காக வெட்டும்போது கத்தரி பெரும்பாலும் முதல் பாதியில்தான் விழுகிறது. அலையையும் சரியும் கட்டடத்தையும் தொடமாட்டார்கள். விளம்பரம் விற்பதே அதை வைத்துத்தான். ஆட்கள் சும்மா பேசிக்கொண்டிருக்கும் காட்சிகள்தான் பலி.

'டைட்டானிக்' (1997) முழுப்படம் 3 மணி 14 நிமிடம். மணிக்கு 12 நிமிடம் விளம்பரம் என்ற விதிப்படி போட்டாலே நாலு மணி நேரம் ஆகிவிடும். சரி, எதை வெட்டலாம்? கப்பலை வடிவமைத்த ஆண்ட்ரூஸிடம், "இந்தப் படகுகள் எல்லோருக்கும் போதாதே" என்று ரோஸ் மேல்தளத்தில் நடந்தபடி கேட்பாள். எடுத்துவிட்டாலும் கதை அறுபடாது. ஆனால் அதைப் பார்த்தவனுக்குத்தான், பனிப்பாறை மோதியதும் முதலில் படகு ஞாபகம் வரும். ஆரம்பத்தில் வயதான ரோஸுக்குக் கப்பல் மூழ்கிய விதத்தைக் கம்ப்யூட்டரில் காட்டுவார்களே, அதுவும் அப்படித்தான். முன்பக்கம் அமிழ்ந்து, பின்பக்கம் தூக்கி, நடுவில் முறியும் என்று தெரிந்துவிட்டதால், கடைசியில் பின்பக்கம் உயர உயர நமக்கு வயிற்றைப் பிசைகிறது. இந்த இரண்டும் போனால் மிச்சம் வெறும் கிராஃபிக்ஸ்.

கப்பல் கவிழும் கதையான 'தி பொஸைடன் அட்வென்ச்சர்' (1972) ஓடுவதே இரண்டு மணி நேரத்துக்குள்தான். அதிலும் வெட்டினால் அநியாயம். திருமதி ரோசன் இதுவரை பார்க்காத பேரனைப் பார்க்கக் கிளம்பியவர். தண்ணீருக்குள் நீந்திப் போய் ஒருவரைக் காப்பாற்றிவிட்டுச் சாகும்போது, கழுத்துப் பதக்கத்தை அந்தப் பேரனிடம் சேர்க்கச் சொல்வார். பேரன் பேச்சு முன்பே வராவிட்டால் அது ஏதோ ஒரு நகை, அவ்வளவுதான்.

சென்னைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரியில் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்துகிறோம். 2015க்குப் பிறகு, தண்ணீர் வந்த ராத்திரியைவிட வருமா வராதா என்று காத்திருக்கும் சாயங்காலம்தான் அதிகம் படுத்துகிறது. டிவி வெட்டுவது அந்தச் சாயங்காலத்தை.

அப்படியானால் நீளம் கூடினால் நல்லதா? அதுவும் இல்லை. 'எர்த்குவேக்' (1974) தியேட்டரில் சுமார் இரண்டு மணி நேரம். 'சென்சரவுண்ட்' ஒலிபெருக்கிகள் இருக்கையையே அதிரவைத்தன. 1976இல் அமெரிக்காவின் என்பிசி டிவி அதை இரண்டு இரவாகப் போட, விமானத்தில் வரும் ஓர் இளம் தம்பதி கதையைப் புதிதாகச் சேர்த்தார்கள். இருந்த ஆட்களையே தெரிந்துகொள்ள நேரம் போதாத படத்தில் இன்னும் இரண்டு பேர்! என்னைக் கேட்டால் இது வெட்டுவதைவிட மோசம்.

ஆக, 'டைட்டானிக்', 'பொஸைடன்' இரண்டையும் ஓடிடியிலோ மறுவெளியீட்டில் தியேட்டரிலோ முழுசாகத்தான் பார்க்க வேண்டும். (நடுவில் பாப்கார்னுக்காக விடும் இடைவேளையை மன்னித்துவிடலாம்.) '2012' (2009) விஷயத்தில் மட்டும் என் ஓட்டு டிவிக்கு. 158 நிமிடப் படத்தில் குடும்ப சென்டிமென்ட்டை எவ்வளவு வெட்டினாலும் நஷ்டமில்லை. பிளந்துகொண்டே வரும் லாஸ் ஏஞ்சலிஸ் ரோட்டில் லிமோசின் பறப்பதற்கு முன்கதை எதற்கு? ஞாயிறு மதியம், சாப்பாட்டுத் தட்டோடு, தமிழ் டப்பிங்கில் பார்த்தால் போதும்.