மெடிக்கல் கார்டா, அரசு மருத்துவமனை வரிசையா?

2024 கடைசியில் அம்மாவின் மெடிக்கல் கார்டுக்கு, அதாவது தனியார் மருத்துவக் காப்புறுதிக்கு, ஒரு கடிதம் வந்தது. கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிற எனக்கு எண்களை ஒரு தடவை பார்த்தாலே போதும். அன்றைக்கு மூன்று தடவை படித்தேன், எங்காவது தப்பாகப் படித்துவிட்டேனோ என்ற நப்பாசையில். மாதம் 412 மலேசிய வெள்ளியாக இருந்த பிரீமியம் 598 வெள்ளி ஆகிறது என்று எழுதியிருந்தார்கள். அம்மாவுக்கு அப்போது 66 வயது.

கார்டைத் தொடர்வதா, விட்டுவிட்டு முழுக்க அரசு மருத்துவமனையை நம்புவதா என்று வீட்டில் இரண்டு மாதம் பேச்சு நடந்தது. கோலாலம்பூரில் இருக்கும் தம்பி கார்டின் பக்கம். பினாங்கில் அம்மாவோடு இருக்கும் நான் முதலில் எந்தப் பக்கமும் இல்லை. கடைசியில் கார்டை விட்டோம். ஆக, நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன் என்று யாரும் எண்ண வேண்டாம்.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடுகிறேன். தனி அறை, குளிர்சாதனம், நாமே தேர்ந்தெடுக்கும் நிபுணர், மறுநாளே ஸ்கேன் எல்லாம் தனியாரில். அரசில் வெளிநோயாளிக்கு 1 வெள்ளி, நிபுணர் கிளினிக்குக்கு 5 வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டில் நாளுக்கு 3 வெள்ளி. சுகாதார கிளினிக்கில் அறுபது கடந்த அம்மாவிடம் அந்த ஒரு வெள்ளியையும் கேட்பதில்லை. வசதியில் தனியாரும் விலையில் அரசும் ஜெயிப்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தனியாரை நாங்கள் குறை சொல்ல முடியாத ஒரு சமயமும் உண்டு. 2022-ல் அம்மாவுக்கு டெங்கு. இரவு பத்து மணிக்குப் போய், பன்னிரண்டுக்குள் படுக்கை கிடைத்துவிட்டது. நான்கு இரவுகள். தாதியர்கள் அன்பாகக் கவனித்தார்கள். அம்மா எல்லோரையும் பழைய வழக்கப்படி ‘மிஸ்ஸி’ என்றே கூப்பிட்டார். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில்தான் பிடித்தது சனி. காலை ஒன்பதுக்கு வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காப்புறுதி நிறுவனத்தின் இறுதி உத்தரவாதக் கடிதம் வர மாலை நான்கரை ஆனது. அதுவரை அம்மா சேலை கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போல் உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரத்தில் எனக்குக் கிடைத்த வேலை, பில்லைப் படிப்பது. பதினொரு பக்கம். ஒரு தெர்மாமீட்டர், அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாமாம். கையுறைகள், பஞ்சு, ஆல்கஹால் துடைப்பான்கள், ஒவ்வொன்றும் ஒரு வரி. டாக்டரின் கட்டணம் மொத்தத்தில் சிறிய பங்குதான். இது தற்செயல் இல்லை என்று பிறகுதான் புரிந்தது. தனியார் மருத்துவமனைகளில் டாக்டர்களின் கட்டணத்துக்கு 2006-ஆம் ஆண்டு விதிமுறைகளில் உச்சவரம்பு இருக்கிறது. படுக்கை, மருந்து, கையுறை, கருவிகளுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை. அணையில் ஒரு மதகை மட்டும் அடைத்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?

பில்லைக் கட்டியது காப்புறுதி. அன்று எனக்குக் கோபம் வரவில்லை, ‘நம் பணமா போகிறது’ என்ற நினைப்பு. அப்படி நினைத்தவர்கள் எல்லோருடைய வீட்டுக்கும்தான் பிறகு கடிதம் வந்தது.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது அந்தக் கார்டை வைத்துக் காப்பாற்றும் செலவு. மருத்துவத்தின் தரம் பற்றிய கேள்வி இதில் வரவே இல்லை. கார் வாங்குகிறவர் விலையை மட்டும் பார்த்துவிட்டுப் பத்தாம் வருடத்துச் செலவைப் பார்க்காமல் விடுவதுபோல்தான் நாங்களும் கார்டை எடுத்திருந்தோம். 2012-ல் அம்மாவின் 54 வயதில் மாதம் 236 வெள்ளி. அப்புறம் 318. 2020-ல் 412. இப்போது 598. இனி ஒரு காசுகூட ஏறாது என்று வைத்துக்கொண்டாலும் பத்து ஆண்டுக்கு 71,760 வெள்ளி. ஏறாமல் இருக்குமா? ஏஜென்ட் காட்டிய அட்டவணையில் 71 வயதுக் கட்டம் நான்கு இலக்கத்தில் இருந்தது. பக்கத்திலேயே ஒரு நட்சத்திரக் குறி, கீழே பொடி எழுத்தில் ‘இத்தொகைக்கு உத்தரவாதம் இல்லை’ என்று ஒரு வரி.

அந்த டிசம்பரில் நாடு முழுவதும் கூச்சல் எழுந்தபோது மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட்டது. உயர்வை ஒரே மூச்சில் போடாமல் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குப் பரப்ப வேண்டும்; காப்புறுதிதாரர்களில் 80 விழுக்காட்டினருக்காவது ஆண்டு உயர்வு பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது; அடிப்படைத் திட்டத்தில் இருக்கும் அறுபதும் அதற்கு மேலும் வயதானவர்களுக்கு உயர்வை ஓராண்டு நிறுத்தி வைக்க வேண்டும் என்றது. நல்ல காரியம்தான். ஆனால் அம்மாவுடையது அடிப்படைத் திட்டம் இல்லை. எங்களுக்கு வந்த திருத்தக் கடிதத்தின்படி முதல் ஆண்டு 62 வெள்ளி ஏறும், மிச்சம் பின்னால் வரும். அந்த 80 விழுக்காட்டில் நாங்கள் இல்லை என்பது மட்டும் தெளிவானது. 2024-ல் நம் நாட்டின் மருத்துவச் செலவு 15 விழுக்காடு ஏறியது, உலகச் சராசரி 10 என்று அதிகாரிகளே சொன்ன கணக்கைப் பார்த்தால், தள்ளிப்போட்ட உயர்வு எங்கும் ஓடிப்போகாது.

இன்னொன்று. அம்மாவுக்கு 2015 முதல் சர்க்கரை, ரத்த அழுத்தம். மாதா மாதம் விழுங்கும் மாத்திரைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் கார்டு ஒரு சென் தராது. படுக்கையில் சேர்ந்தால்தான் அது கண் விழிக்கும். ஆக, அன்றாடம் நோயைக் கட்டுக்குள் வைத்திருந்தது எப்போதும் அரசு கிளினிக்தான். கார்டு ஒரு குடை, மழைக்கு மட்டும். அந்தக் குடைக்குத்தான் மாதம் 598.

கார்டின் பக்கம் ஒரு வலுவான வாதம் உண்டு, அதைத் தம்பிதான் வைத்தான். “விட்டால் விட்டதுதான் அக்கா. இந்த வயதில் சர்க்கரையோடு வேறு எவனும் அம்மாவைச் சேர்க்க மாட்டான்.” அவன் சொன்னது முழு உண்மை. ஒருவழிக் கதவு. அதனால்தான் இரண்டு மாதம் இழுத்தோம். ஆனால் 598-ஐ இன்று கட்டி, 72 வயதில் கட்ட முடியாமல் விடுவதானால், அந்தக் கதவு அன்றும் இப்படித்தான் மூடும். நடுவில் கட்டிய பணமும் போயிருக்கும். இதைச் சொன்ன பிறகு தம்பி பேசவில்லை. ஒத்துக்கொண்டானா, சலித்துப்போனானா, இன்றுவரை கேட்கவில்லை.

இனி அரசு மருத்துவமனை. எந்த மருத்துவமனைக்குப் போகிறோம், பினாங்குப் பாலத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று சொல்லப்போவதில்லை; அங்கே வேலை செய்கிறவர்கள் ஏற்கெனவே போதுமான அளவு திட்டு வாங்குகிறார்கள். அம்மாவின் பையில் மூன்று பொருள் எப்போதும் தயார்: சர்க்கரை நோயாளிகளுக்குத் தரும் பச்சைப் புத்தகம், பிளாஸ்கில் காப்பி, ஒரு சின்ன டவல். பச்சைப் புத்தகத்தில் பத்து வருடச் சர்க்கரை அளவு, எடை, மருந்து எல்லாம் வெவ்வேறு கையெழுத்தில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள், பாதத்தை ஊசியளவு இழையால் தொட்டுப் பார்க்கிறார்கள். தனியாரில் ஒரு டாக்டரும் அம்மாவின் செருப்பைக் கழற்றச் சொன்னதில்லை.

காத்திருப்பு கொடுமைதான், அதை மழுப்ப மாட்டேன். நிபுணர் கிளினிக்கில் எட்டு மணிக்கு எண் எடுத்தால் டாக்டரைப் பார்க்கப் பன்னிரண்டு ஆகும். மருந்துக்கு இன்னொரு எண். ஒருமுறை எங்களுக்கு முன்னால் 64 பேர். மருந்து வரிசை இப்போது பெரும்பாலும் இல்லை. மீதி மாத மருந்தை வீட்டருகிலுள்ள கிளினிக்கில் வாங்க ஏற்பாடு இருக்கிறது, தபாலில் அனுப்பவும் செய்கிறார்கள். கேட்டால்தான் சொல்வார்கள். மூட்டு மாற்று போன்ற சிகிச்சைகளில் சில உபகரணங்களை நாமே வாங்க நேரலாம்; வசதியில்லாதவர்கள் அங்குள்ள சமூகப் பணிப் பிரிவில் பேச வேண்டும். அந்தக் கதவைத் தட்டக் கூச்சப்பட்டு நம்மவர்களில் எத்தனையோ பேர் திரும்பிவிடுகிறார்கள்.

வரிசையைவிட என்னை உறுத்துவது வேறு. ஒவ்வொரு முறையும் டாக்டர் புதியவர். அம்மா தன் கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டும். இப்போது கதாகாலட்சேபம்போல் ஏற்ற இறக்கத்தோடு சொல்லப் பழகிவிட்டார். போன வருடம் ஓர் இளம் பெண் டாக்டர் பொறுமையாகக் கேட்டு, அம்மாவின் மாத்திரைகளில் இரண்டு ஒன்றோடொன்று முட்டுவதைக் கண்டுபிடித்தார். அடுத்த முறையும் நீங்களே பாருங்கள் என்றார் அம்மா. “ஆன்ட்டி, நான் ஒப்பந்த டாக்டர். அடுத்த முறை அநேகமாக சிங்கப்பூரில் இருப்பேன்” என்று சிரித்தார் அவர். 2016 டிசம்பரிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுக்கிறார்கள். 2021 ஜூலை 26 அன்று அவர்கள் அதை எதிர்த்து வேலையை விட்டு வெளியே வந்து நின்றது நினைவிருக்கலாம். பிறகு சில ஆயிரம் பேருக்கு நிரந்தரப் பணி கிடைத்தது. ஆனால் போகிறவர்கள் போய்க்கொண்டேதான் இருக்கிறார்கள்.

அரசைத் தேர்ந்தெடுத்தவளுக்கு உண்மையான கவலை இங்கேதான். கார்டின் பிரீமியம் ஏறினால் கடிதம் வரும். அரசு மருத்துவமனை தேய்ந்தால் கடிதம் வராது. வரிசை நீளும், அவ்வளவுதான். சுகாதார அமைச்சுக்கு 2024-ல் 4,120 கோடி வெள்ளியும் 2025-ல் 4,530 கோடி வெள்ளியும் ஒதுக்கினார்கள். கூடியிருக்கிறது, மறுக்கவில்லை. 2023 ஜூனில் நாடாளுமன்றம் ஏற்ற சுகாதார வெள்ளை அறிக்கை பதினைந்து ஆண்டுச் சீரமைப்பைப் பேசுகிறது. பேச்சுக்கு நம்மிடம் என்றுமே பஞ்சம் இல்லை. நடந்தது என்னவோ, அரசின் கையிலிருந்தவை ஒவ்வொன்றாகக் கைமாறியதுதான். தேசிய இருதயக் கழகத்தை 1992-ல் அரசுத் துறையிலிருந்து பிரித்துத் தனி நிறுவனமாக்கினார்கள். 1994-ல் மருந்துக் கிடங்கு தனியாருக்குப் போனது. 1997 முதல் துப்புரவு, சலவை, கருவிப் பராமரிப்பு எல்லாம் குத்தகை நிறுவனங்களிடம். மருத்துவமனைகளையே நிறுவனமயமாக்கும் யோசனை 90-களின் இறுதியில் மக்கள் எதிர்ப்பால் கைவிடப்பட்டது. பத்தாண்டு கழித்து ‘1கேர்’ என்ற சுகாதார நிதித் திட்டமாக இன்னோர் உருவில் எட்டிப் பார்த்துப் பின்வாங்கியது. இதற்கிடையே தனியார் பக்கத்தின் பெரிய முதலாளிகளில் ஒருவர் அரசாங்கமேதான். 2024-ல் பினாங்கின் ஐலண்ட் மருத்துவமனையை 392 கோடி வெள்ளிக்கு வாங்கிய ஐஎச்எச் என்ற தனியார் மருத்துவமனைக் குழுமத்தில் அரசின் முதலீட்டு நிறுவனமான கசானாவுக்கும் ஊழியர் சேமநிதிக்கும் பெரும் பங்கு இருக்கிறது. என் சம்பளத்தில் பிடிக்கும் சேமநிதியும் ஏதோ ஒரு கையுறை வரியிலிருந்து லாபம் பார்க்கிறது என்று நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

இப்போது மூன்றாவது வழி ஒன்றும் பேசப்படுகிறது: சுகாதார அமைச்சின் ‘ராக்கான் கேகேஎம்’ திட்டம். 2025 பட்ஜெட்டில் அறிவித்தது. முதலில் சைபர்ஜெயா மருத்துவமனையில். அரசு மருத்துவமனையிலேயே, தனியாரைவிடக் குறைந்த கட்டணத்துக்கு, விருப்பப்பட்ட நிபுணரிடம் விரைவாகப் பார்க்கலாம். வரும் பணத்தில் டாக்டர்களுக்குக் கூடுதல் வருமானம், அதனால் அவர்கள் வெளியேறமாட்டார்கள் என்பது அமைச்சின் வாதம். அந்தச் சிங்கப்பூர் டாக்டரை நினைத்தால் வாதத்தில் நியாயம் தெரிகிறது. அம்மாவின் 64 பேர் வரிசையை நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. அதே கட்டடம், அதே டாக்டர், பக்கத்தில் ஒரு விரைவு வாசல். நேரம் எந்த வரிசையிலிருந்து எடுக்கப்படும்? நாங்கள் அதைப் பயன்படுத்தியதில்லை, எனவே தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

தீர்ப்புச் சொல்ல முடியாதவை இன்னும் உண்டு. எங்கள் வீட்டில் இதுவரை புற்றுநோய் வந்ததில்லை. அந்தச் சிகிச்சையில் ஒரு மாதத் தாமதம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. நெஞ்சுவலி போன்ற அவசரத்தில் அரசு மருத்துவமனை நோயின் தீவிரத்தைப் பார்த்துச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்து உடனே உள்ளே எடுக்கும் என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்தேன், அதுவும் பக்கத்து வீட்டுக்காரருக்காகப் போனபோது. ஒரு முறை பார்த்ததை அனுபவம் என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன்: என் சொந்தக் கார்டை நான் விடவில்லை. செலவின் முதல் பகுதியை நானே ஏற்கும் இணைச் செலுத்துகைத் திட்டத்துக்கு மாற்றிக்கொண்டேன், பிரீமியம் குறைந்தது. வயது 39, நோய் எதுவும் இல்லை. அறுபதைத் தாண்டும்போது அம்மாவுக்குப் போட்ட அதே கணக்கை எனக்கும் போட வேண்டியிருக்கும்.

கார்டை விட்ட நாளிலிருந்து அந்த 412 வெள்ளியை மாதாமாதம் தனிக் கணக்கில் போடுகிறோம். பதினான்கு மாதத்தில் 5,768 சேர்ந்தது. அதில் ஒரே ஒரு முறை கை வைத்தோம்: அம்மாவின் முழங்கால் ஸ்கேனுக்கு அரசில் ஐந்து மாதம் என்றார்கள்; தனியாரில் 950 வெள்ளி கட்டி எடுத்து, படத்தை அரசு நிபுணரிடமே கொண்டுபோய்க் கொடுத்தோம். முகம் சுளிக்காமல் வாங்கிப் பார்த்தார். மாதம் 598-க்கு எதிராக எங்களுக்கு இருக்கும் காப்புறுதி இதுதான், பெரிய அறுவை சிகிச்சை வந்தால் இது போதாது என்று தெரிந்தே வைத்திருக்கிறோம்.

எலும்பு நிபுணரின் அடுத்த தேதி ஆகஸ்ட் 11, காலை எட்டு மணி. மூட்டு மாற்ற வேண்டுமா, ஊசியோடு தள்ளலாமா என்று அன்றைக்குச் சொல்வார்கள். தம்பி விடுப்பு எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான். மின்விசிறிக்குக் கீழே இருக்கை கிடைக்க வேண்டுமானால் ஆறரைக்கே கிளம்ப வேண்டும் என்கிறார் அம்மா.