அமானோ என்ற பெயரில் ஆற்று இறால், நீர்ச்செடி என்ற பெயரில் பூந்தொட்டிச் செடி: வாங்குவோர் கவனத்துக்கு

இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப் குழுவிலும் படம் போட்டு, உயிருள்ள இறால், சிறு மீன், நீர்ச்செடி ஆகியவற்றைப் பார்சலில் அனுப்பும் ஒரு விற்பனையாளரிடம் பணம் கொடுத்து ஏமாந்த விவரத்தை இங்கே எழுதுகிறேன். அவர் மீது கொடுத்த புகார் நிலுவையில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. சொன்னாலும் பெரிய பயன் இராது. இத்தகையவர்கள் பக்கத்தின் பெயரை மாற்றிக்கொண்டு அதே படங்களோடு மறுபடியும் கடை விரித்துவிடுகிறார்கள். ஆகவே ஏமாற்று நடக்கும் முறையையே விரிவாகச் சொல்கிறேன்.

சென்னையில் என் வீட்டில் நீர்ச்செடி வளர்க்கும் இரண்டு மீன்தொட்டிகள் உள்ளன. ஒன்று பழையது, அதில் சிவப்புச் செர்ரி இறால்கள் நெடுநாளாகக் குஞ்சு பொரித்துப் பெருகி வருகின்றன. மற்றொன்று புதிதாக அமைத்த 60 லிட்டர் தொட்டி. பழைய தொட்டியில் ஓடிப் பழகிய ஃபில்டரையே இதில் பொருத்தி, கழிவிலிருந்து உண்டாகும் நச்சுகளான அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் என்று சோதனைக் கருவி காட்டத் தொடங்கிய பிறகுதான் உயிர்களை வாங்க முடிவு செய்தேன். எம்பர் டெட்ரா மீன்கள், செர்ரி இறால்கள், பாசியைத் தின்பதற்கு ஆறு அமானோ இறால்கள், 'பத்து வகை நீர்ச்செடித் தொகுப்பு' ஒன்று, இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து 4,350 ரூபாயை முன்பணமாகச் செலுத்தினேன். செடிகளில் பூச்சிமருந்து எதுவும் இல்லை, இறாலுக்கு முழுப் பாதுகாப்பானவை என்று விளம்பரப் படத்திலேயே எழுதியிருந்தார்; நான் தனியாகக் கேட்டபோதும் அதையே எழுத்தில் உறுதி செய்தார்.

பார்சல் பேருந்தில் வந்து சேர்ந்தது. தெர்மாகோல் பெட்டியைத் திறந்தபோது எல்லா உயிர்களும் அசைந்துகொண்டுதான் இருந்தன. இங்கேதான் முதல் சூழ்ச்சி இருக்கிறது. 'உயிரோடு வந்துசேரும் உத்தரவாதம்' என்று இவர்கள் பெரிய எழுத்தில் போடுவதன் நிபந்தனையைப் படித்துப் பாருங்கள்: பார்சலைப் பெற்ற இரண்டு மணி நேரத்துக்குள், பை பிரிக்கப்படாத நிலையில், இறந்த உயிர் தெளிவாகத் தெரியும்படி வீடியோ எடுத்து அனுப்ப வேண்டும். அதே பார்சலோடு வந்த அச்சிட்ட தாளோ, பையைத் தொட்டி நீரில் மிதக்க விட்டு, பின்னர் திறந்து, மூன்று மணி நேரம் சொட்டுச்சொட்டாகத் தொட்டித் தண்ணீரைக் கலக்கச் சொல்கிறது. அவர் சொன்ன முறைப்படி நடந்தால் அவருடைய உத்தரவாதம் தானாகவே காலாவதியாகிவிடும்.

அந்த மூன்று மணி நேர யோசனை உயிர்களுக்கும் நல்லதன்று. மூடிய பையில் மீனும் இறாலும் வெளிவிடும் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவைக் கீழே இழுத்து வைத்திருக்கும். அந்த நிலையில் கழிவிலிருந்து சேர்ந்த அமோனியாவின் பெரும்பகுதி தீங்கு குறைந்த அமோனியமாக இருக்கும். பையைத் திறந்தவுடன் வாயு வெளியேறுகிறது, பி.எச். ஏறுகிறது, அமோனியம் நச்சு அமோனியாவாக மாறுகிறது. 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 ஆக இருக்கும்போது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும் நச்சு வடிவம், பி.எச். 8-ஐத் தொடும்போது ஐந்து பங்குக்கு மேல் போய்விடும். நம் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் பி.எச். கூடிய பக்கமே நிற்கும் என்பது தெரிந்ததே. ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்த பையாக இருந்தால், அந்தத் தண்ணீரிலேயே மணிக்கணக்கில் வைத்துப் பழக்குவதைவிட, சிறிது நேரத்தில் வலையில் வடித்துத் தொட்டிக்கு மாற்றிவிடுவது பாதுகாப்பானது. நான் அவ்வாறே செய்தேன்.

இனி செடிகள். பத்து வகை என்று வந்தவற்றில் நான்கு வகை தண்ணீருக்குள் வாழும் செடிகளே அல்ல. ஒன்று, நம் கடைகளில் 'லக்கி பேம்பூ' (அதிர்ஷ்ட மூங்கில்) என்று கண்ணாடிக் குவளையில் விற்கும் டிராசீனா. இன்னொன்று, ஊதா நிறத்தில் சுருங்கிய இலைகளோடு பார்க்க அழகாக இருக்கும் ஹெமிகிராஃபிஸ். வீட்டு முற்றத்தில் தரையை மூட வைக்கும் செடி. மூன்றாவது, புல்போல் இருக்கும் மாண்டோ கிராஸ். நான்காவது, வெள்ளைக் கோடு போட்ட குளோரோஃபைட்டம். இவற்றின் வேர் நீரில் இருந்து இலை வெளியே இருந்தால் சில வகைகள் நன்றாகவே வாழும். முழுவதுமாக மூழ்கடித்தால் மெதுவாகச் சாகும். அந்த மெதுவில்தான் வியாபாரம் நடக்கிறது. வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்பதால், அழுகத் தொடங்கும்போது விற்றவரிடம் கேட்க நமக்கே கூச்சமாக இருக்கும்.

கேட்டேன். "அது மெல்ட் சார், எல்லா பிளாண்ட்டும் புதுத் தொட்டியில மெல்ட் ஆகும், வெயிட் பண்ணுங்க" என்று பதில் வந்தது. இந்தப் பதிலில் பாதி உண்மை இருப்பதால்தான் இது ஆபத்தானது. கிரிப்டோகோரைன் போன்ற அசல் நீர்ச்செடிகள் இடம் மாறினால் இலைகளைக் கரைத்துவிடுவது உண்டு. பண்ணையில் காற்றில் வளர்க்கப்பட்ட ரொட்டாலா, லுட்விஜியா போன்றவையும் பழைய இலைகளை உதிர்த்துவிட்டு நீருக்கேற்ற மெல்லிய புது இலைகளை விடும். வேறுபாட்டைக் கண்டறிய விரலே போதும். அசல் செடி இலையை இழந்தாலும் அதன் தண்டோ கிழங்கோ கெட்டியாக இருக்கும், நுனியிலிருந்தோ நடுவிலிருந்தோ புதுக் குருத்து கிளம்பும். என் தொட்டியில் இருந்த ஹெமிகிராஃபிஸின் தண்டை இரு விரலால் அழுத்தியபோது, தோல் ஒரு பக்கம் வழுக்கி வர, உள்ளே பழுப்பான குழம்பு பிதுங்கியது. கையை மும்முறை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் நாற்றம் போகவில்லை. அதை 'மெல்ட்' என்று யாரும் சொல்ல முடியாது.

செடிகள் அழுகியது பணநஷ்டம் மட்டுமே. இறால்களின் சாவு வேறு வகை. வந்த செர்ரி இறால்களில் ஒரு பகுதியை, புது இரத்தம் சேரட்டும் என்று பழைய தொட்டியில் விட்டேன். மீதியைச் செடிகள் நட்ட புதுத் தொட்டியில் விட்டேன். புதுத் தொட்டியில் விட்டவை மறுநாள் காலைக்குள் இலக்கின்றிக் கண்ணாடிக்குக் கண்ணாடி பாய்ந்து நீந்தின. பிறகு ஒவ்வொன்றாக மல்லாந்து விழுந்து, நீந்த முடியாமல், கால்கள் மட்டும் விட்டுவிட்டுத் துடித்தபடி கிடந்து செத்தன. அதே பையில், அதே பேருந்தில் வந்து பழைய தொட்டிக்குப் போனவை இன்றும் உயிரோடு இருக்கின்றன. இரண்டு தொட்டிக்கும் ஒரே தண்ணீர், ஒரே தீவனம். புதுச் செடிகள் ஒன்றில் மட்டுமே இருந்தன.

அமோனியாவும் நைட்ரைட்டும் அப்போதும் சுழியமே. அமோனியாவாக இருந்தால் எம்பர் டெட்ராக்களும் மேலே வந்து மூச்சுத் திணறியிருக்க வேண்டும்; அவை உற்சாகமாகத் தீவனம் தின்றுகொண்டிருந்தன. தாமிரமாக இருந்தால் அதே தொட்டியில் இருந்த நத்தைகளும் ஓட்டுக்குள் சுருங்கியிருக்க வேண்டும். அவை கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்தன. மீனும் நத்தையும் நலமாக இருக்க, இறால் மட்டும் நரம்பு தளர்ந்து துடித்துச் சாவது பூச்சிக்கொல்லியின் அடையாளம். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் பூச்சிகளைக் கொல்வதற்கென்றே உருவானவை. இறாலும் பூச்சியும் கணுக்காலிகள் என்ற ஒரே பெரும்பிரிவைச் சேர்ந்தவை என்பதால், மீனுக்கு ஒன்றும் செய்யாத மிகக் குறைந்த அளவுகூட இறாலைக் கொன்றுவிடும். தரையில் வளர்க்கும் அலங்காரச் செடிகளுக்கு நர்சரிகளில் மருந்து அடிப்பது வழக்கம். ஆக, அந்தப் பூந்தொட்டிச் செடிகள் 'நீர்ச்செடி' ஆனபோது அவற்றோடு மருந்தும் சேர்ந்து வந்தது என்பதே என் முடிவு. ஆய்வகத்தில் சோதித்த முடிவு அல்ல இது. ஆனால் வேறு எந்தக் காரணமும் இந்த நான்கு அடையாளங்களுக்கும் ஒருசேரப் பொருந்தவில்லை.

விற்பனையாளர் மறுமொழியாக அனுப்பியது: "சார், உங்க தண்ணிதான் பிரச்சினை. நாங்க அனுப்பும்போது எல்லாம் ஆக்டிவா இருந்துச்சு, உங்க வீடியோவுலயே தெரியுது." உத்தரவாதத்துக்கென்று என்னை எடுக்கச் சொன்ன வீடியோவே அவருக்குச் சாட்சி ஆகிவிட்டது. பழைய தொட்டியில் அதே தண்ணீரில் இருப்பவை சாகவில்லையே என்று கேட்டதும் 'சார்' என்ற அழைப்பு 'ப்ரோ' ஆனது. அதற்கு மேல் கேட்டதும் எண்ணைத் தடை செய்துவிட்டார்.

இத்தனைக்கும் புதுத் தொட்டியில் அந்த ஆறு 'அமானோ'க்கள் மட்டும் சாகாமல் இருந்ததற்குக் காரணம், அவற்றை முதலில் தனி வாளியில் வைத்திருந்தேன். தண்ணீரைப் பெருமளவு மாற்றி, ஃபில்டரில் கரித்தூள் பை போட்டு, சந்தேகச் செடிகளை எல்லாம் பிடுங்கி எறிந்து, பழைய தொட்டியிலிருந்து ஓர் இறாலை விட்டுப் பார்த்து, அது பிழைத்த பிறகே இவற்றை உள்ளே விட்டேன். நாளடைவில் எம்பர் டெட்ராக்களின் எண்ணிக்கை குறைந்தது. ஓர் இரவு விளக்கை அணைத்துவிட்டுக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தபோது, ஓர் 'அமானோ' மரக்கட்டையின் மேல் உட்கார்ந்து, உடலைவிட நீளமான ஒரு மெல்லிய காலின் இடுக்கியால் இரண்டு சென்டிமீட்டர் மீனை வயிற்றில் பற்றிக்கொண்டு, மறு இடுக்கியால் துடுப்பைப் பிய்த்து வாய்க்குக் கொண்டுபோனது.

அமானோ இறாலுக்கு அப்படி ஒரு கால் கிடையாது. ஜப்பானியத் தொட்டி வடிவமைப்பாளர் தகாஷி அமானோ 1980-களில் பாசியைக் கட்டுப்படுத்தப் பயன்படுத்திப் புகழ்பெறச் செய்த காரிடினா மல்டிடென்டேட்டா என்ற அந்த இறாலுக்கு, முன்கால்கள் குட்டையாக, நுனியில் தூரிகை போன்ற மயிர்க்கற்றையோடு இருக்கும். அவற்றால் பாசியைச் சுரண்டி வாய்க்குக் கொண்டுபோகும். எனக்கு வந்தவை மாக்ரோபிராக்கியம் இனத்து ஆற்று இறால்களின் இளசுகள். ஏரியிலும் வாய்க்காலிலும் வலை போட்டால் கிடைப்பவை. சிறு வயதில் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பதால் அமானோ என்று தள்ளிவிட முடிகிறது. நான் ஒன்றுக்கு 180 ரூபாய் கொடுத்திருந்தேன்.

வாங்குமுன் கேட்கவேண்டியது, பக்கவாட்டிலிருந்து அருகில் எடுத்த புது வீடியோ. அசல் அமானோவின் விலாவில் வரிசையாகச் செம்பழுப்புப் புள்ளிகள் அல்லது சிறு கோடுகள் ஓடும். பெண்ணுக்குக் கோடாக நீண்டிருக்கும். மூக்குமுனை ரம்பம்போல் நீண்டிருந்தாலோ, முன்னே மெல்லிய நீண்ட இடுக்கிகள் தெரிந்தாலோ அது அமானோ அல்ல. இன்னொரு சோதனையும் உண்டு: "எங்க வீட்டுத் தொட்டியிலயே பிரீட் பண்ணது" என்று பெருமையாகச் சொல்கிறாரா என்று பாருங்கள். அமானோவின் முட்டையிலிருந்து வரும் லார்வா உப்புநீர் இல்லாமல் வளராது; சாதாரண நன்னீர்த் தொட்டியில் அது பெருகுவதில்லை. என்னிடம் அந்த வசனத்தைச் சொன்னவர்தான் இவர். (இதே வரிசையில், சயாமிஸ் பாசித்தின்னி மீன் என்ற பெயரில் சீனப் பாசித்தின்னி மீனை விற்பதும் பரவலாக நடக்கிறது, அது வளர்ந்தால் ஓரடியை நெருங்கும், பெரிதானபின் மற்ற மீன்களின் உடம்பை உறிஞ்சத் தொடங்கும்.)

செடிகளைப் பொறுத்தவரை, 'பத்து வகை', 'கலவைத் தொகுப்பு' என்று விற்பதை வாங்காதீர்கள். ஒவ்வொரு செடிக்கும் முழுப் பெயரைக் கேளுங்கள், பெயர் தராதவரிடம் வாங்க வேண்டாம். இறால் தொட்டிக்கு என்றால், மூடிய கோப்பையில் ஜெல்லோடு வரும், ஆய்வகத்தில் வளர்த்த திசு வளர்ப்புச் செடிகள் விலை கூடினாலும் நிம்மதி தரும். மற்றவற்றைத் தனி வாளியில் ஊறவைத்து, நாள்தோறும் தண்ணீர் மாற்றி, ஒன்றிரண்டு வாரம் கழித்தே இறால் பக்கம் கொண்டுபோக வேண்டும். சென்னைக்காரர்களுக்கு அலங்கார மீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் இருக்கிறது. நேரில் போய், தொட்டிக்குள் நீருக்கடியில் வளர்ந்து நிற்கும் செடியைக் கண்ணால் பார்த்து வாங்க முடிகிறபோது பேருந்துப் பார்சலுக்கு நான் இனிப் போவதாக இல்லை.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு. விளம்பரப் படம், உரையாடல், பணம் செலுத்திய விவரம் ஆகியவற்றை எண் தடை செய்யப்படும் முன்பே படமாகச் சேமித்துவிடுங்கள். தவறான செடியையும் இறாலையும் அளவுகோலை ஒட்டி வைத்துப் படம் எடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அங்கே பதிவு செய்தால் விற்பனையாளருக்குப் புகார் அனுப்பப்படும். நான் பதிந்த புகாருக்கு இதுவரை அவரிடமிருந்து பதில் இல்லை. அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு ஒரே மனுவாகத் தாக்கல் செய்யவும் இடமுண்டு. இதே தொகுப்பை, ஊதா இலைச் செடியும் 'வீட்டில் பிரீட் செய்த' அமானோவும் சேர்த்து வாங்கியவர்கள் இருந்தால், ரசீதோடு தனிச் செய்தி அனுப்புங்கள். மனு இன்னும் தாக்கலாகவில்லை.