மொட்டைமாடிப் பறவைக் கணக்குக்கு ஈபேர்ட் செயலி எப்படி?

காக்கையை எண்ணச் சலிப்படைபவருக்கு ஈபேர்ட் சரிப்படாது. கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் சங்கமும் 2002-ல் தொடங்கிய பறவைப் பதிவேட்டின் கைபேசிச் செயலி இது. காசு கிடையாது. பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கும், 2013 முதல் இந்தியாவும் கலந்துகொள்ளும் பிப்ரவரி மாத 4 நாள் உலகக் கணக்கெடுப்புக்கும் பட்டியலை இதிலேயே ஏற்றலாம்.

வேகத்தில் குறையில்லை. ஊருக்கான பறவைத் தொகுப்பை வைஃபையில் முன்பே இறக்கிவைத்தால் சிக்னல் இல்லாமலும் ஓடும். எண்ணை அடித்து, ஆங்கிலப் பெயரின் இரு சொற்களிலும் முதல் ஈரெழுத்தைச் சேர்த்தால் போதும்: ஹவுஸ் க்ரோ பன்னிரண்டு என்றால் ‘12 எச்ஓசிஆர்’. உலகக் கணக்கெடுப்புக்குக் குறைந்தது 15 நிமிடம் பார்க்க வேண்டும். குரல் மட்டும் கேட்ட குயிலும் கணக்கில் சேரும்; கூண்டுக்கிளி சேராது.

சிக்கல் அனுப்பும் திரையில்தான். ‘அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் பதிந்தீர்களா?’ என்று கேட்கும். மாங்குயிலை மட்டும் பதிந்துவிட்டு, காகமும் மாடப்புறாவும் எதற்கு என்று விட்டவர் ‘இல்லை’ என்றே சொல்ல வேண்டும். முழுப் பட்டியலில் ஒரு பறவை இல்லாததும் ஒரு தகவல். பொய்யான ‘ஆம்’ அதைக் கெடுத்துவிடும்.

அடுத்தது இடம். வேளச்சேரி மாடிக்கு மேலே கூழைக்கடா பறந்தால் பட்டியலில் சேர்க்கலாம், ஆனால் இடம் உங்கள் மாடிதான். பக்கத்தில் இருக்கிறதே என்று பள்ளிக்கரணையைத் தேர்ந்தெடுத்தால் வீட்டுக் காக்கையெல்லாம் சதுப்புநிலக் கணக்கில் ஏறும்.

30 மீட்டருக்குள் நின்றிருந்தால் பட்டியல் ‘நிலையான’ வகை. செயலியின் பதிவை நிறுத்த மறந்து பைக்கில் கிளம்பினால் நேரமும் தூரமும் வீங்கும். அனுப்பியபின்னும் கையால் திருத்தலாம் என்பது ஆறுதல்.

எண்ணிக்கைக்குப் பதில் ‘எக்ஸ்’ (இருந்தது, எண்ணவில்லை என்ற குறி) போட இடம் கொடுத்திருப்பது எங்கள் பார்வையில் செயலியின் பலவீனம். சோம்பலுக்கு வசதி, எத்தனை என்பது மட்டும் தெரியாமல் போகும். அந்தி நேரத்தில் அடையப் போகும் காக்கைக் கூட்டமா? பத்தை எண்ணி, அதே அளவில் எத்தனை பத்து என்று கணித்துப் போடுங்கள். உத்தேச எண் ‘எக்ஸை’விட மேல். வீட்டுக்காகமா அண்டங்காக்கையா என்று தெரியாவிட்டால் ‘காக்கை இனம்’ என்றே பதியும் வசதி உண்டு. பலரும் அதைத் தொடுவதே இல்லை.

வழக்கத்துக்கு மீறிய எண்ணையோ அரிய பறவையையோ போட்டால் செயலி விவரம் கேட்கும், பிறகு தன்னார்வப் பரிசீலகரும் எழுதிக் கேட்கலாம். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. அலகு நிறம், வால் நீளம், எவ்வளவு தூரத்தில் பார்த்தது என்று இரண்டு வரி அப்போதே எழுதிவைத்தால் வேலை முடிந்தது. ‘நிச்சயமாகப் பார்த்தேன்’ என்ற குறிப்பு எதற்கும் உதவாது.