62 படிகள், 13 மாதங்கள்: கொடைக்கானலில் ஐம்பது வயதுக்குப் பிறகு உடலைப் பழக்கிய அனுபவம்

கொடைக்கானலில் எங்கள் வீடு சாலையிலிருந்து 62 படிகள் கீழே இருக்கிறது. பள்ளிக்குப் புறப்பட்டால் ஏற்றம், திரும்பினால் இறக்கம். எரிவாயு உருளையும் அரிசிப் பையும் அந்தப் படிகளின் வழியாகத்தான் வீட்டுக்கு வந்து சேரும். சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஐந்து கிலோ அரிசியுடன் இறங்கிக்கொண்டிருந்தபோது, பாதி வழியில் இடது முழங்கால் சட்டென்று மடங்கிவிட்டது. விழவில்லை என்றாலும், ஓரச் சுவரைப் பற்றியபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்து மீதிப் படிகளை இறங்கப் பத்து நிமிடம் ஆயிற்று. அப்போது எனக்கு வயது 50. மாதவிடாய் நின்று இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த வாரமே எடுத்த இரத்தப் பரிசோதனையில், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 6.3 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 ஆகிவிட்டால் சர்க்கரை நோய் என்பதால், நான் எல்லைக்கு எவ்வளவு அருகில் இருந்தேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எடை 68 கிலோ, இடுப்புச் சுற்றளவு 94 செ.மீ., இரத்த அழுத்தம் 144/92. அன்றிலிருந்து பதின்மூன்று மாதங்களில் நான் வாங்கிப் பயன்படுத்திய பொருள்களில் எது உதவியது, எது உதவவில்லை என்பதை, மலையில் வாழும் என் வயதினரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் வாங்கியது 4,500 ரூபாய்க்கு ஒரு ஸ்மார்ட் வாட்ச். நாளுக்குப் பத்தாயிரம் அடி என்று அது இலக்கு வைத்தது. நானும் அதை மருத்துவ விதி என்றே நம்பினேன். 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானிக்குப் ‘பத்தாயிரம் அடிமானி’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டியதிலிருந்துதான் அந்த எண் பரவியது என்பதைப் பின்னரே அறிந்தேன். ஏரியை ஒரு முறை சுற்றினால் ஐந்து கிலோமீட்டர். என் நடைக்கு ஏழாயிரத்துச் சொச்சம் அடிகள். மீதிக்காக மாலையில் வீட்டுப் படிகளையே ஏறி இறங்கினேன். ஆறு வாரங்களில் இலக்கைத் தவறாமல் எட்டினேன், முழங்கால் வலியும் தவறாமல் கூடியது. என் வாட்ச்சுக்கு ஏறுகிற அடியும் இறங்குகிற அடியும் ஒன்றே. என் முழங்காலுக்கு அப்படி இல்லை.

குளிர்காலத்தில் அதன் இதயத்துடிப்புக் கணக்கையும் நம்ப முடியவில்லை. மார்கழிக் காலையில் மேட்டில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருக்கும்போது, நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குரிய எண்ணைக் காட்டும், அல்லது வெறும் கோடுகளைக் காட்டும். குளிரில் தோலுக்கு அருகிலுள்ள இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுவதால், ஒளியைப் பாய்ச்சித் துடிப்பைக் கணிக்கும் கருவிக்கு மணிக்கட்டில் போதிய தடம் கிடைப்பதில்லை. கழுத்தில் இரண்டு விரல்களை வைத்து 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குவதற்குப் பழகிக்கொண்டேன். அதைவிட எளிய வழி, உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பார்ப்பது. இப்போது அடிகளை விட்டுவிட்டு நிமிடங்களைத்தான் கணக்கிடுகிறேன். வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உழைப்பு, அதனுடன் இரண்டு நாள் தசைப் பயிற்சி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரம் ஐந்து நாள், நாளுக்கு நாற்பது நிமிட நடையில் அதன் முதற்பகுதி நிறைவேறிவிடுகிறது.

முழங்கால் வலிக்கு விடை வேறோரிடத்திலிருந்து வந்தது. பூம்பாறையிலிருந்து மலைப்பூண்டு கொண்டுவந்து எங்கள் தெருவில் வீடுவீடாகக் கொடுக்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். அறுபது வயதைக் கடந்தவர். தலையில் மூட்டையுடன் எங்கள் படிகளில் இறங்கி வருவதை ஆண்டுக்கணக்கில் பார்த்திருந்தும் ஒருநாளும் நான் கவனித்ததில்லை. புரட்டாசியில் ஒரு நாள் அவர் மேலே நின்று நான் இறங்குவதைப் பார்த்துவிட்டு, “டீச்சரம்மா, காலை நீட்டி நீட்டி வைக்காதீங்க. முட்டியை லேசா மடக்கிக்கிட்டு, சின்னச் சின்னதா, கோணலா எறங்குங்க” என்றார். பிறகு தானே இறங்கிக் காட்டினார். உடலைச் சற்றே பக்கவாட்டில் திருப்பி, பாதம் முழுவதும் படியில் படியும்படி வைத்து, பாரம் அந்தக் காலுக்கு முழுமையாக மாறிய பிறகே மற்றக் காலை எடுத்தார். தலையிலிருந்த மூட்டை ஆடவே இல்லை. நானோ, முழங்காலை விறைப்பாக நீட்டிக் குதிங்காலைக் கீழ்ப்படியில் தட்டிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு படியிலும் அந்த அதிர்வை மூட்டுதான் வாங்கியது.

வத்தலக்குண்டில் பார்த்த இயன்முறை மருத்துவர் இதற்கான காரணத்தை விளக்கினார். ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி உடலைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மூச்சு வாங்காததால் இறக்கம் எளிது என்று நினைக்கிறோம், ஆனால் தசைக்கு அதுவே கடினமான வேலை. பழக்கமில்லாதவர்களுக்கு மலையிறங்கிய மறுநாளும் அதற்கடுத்த நாளும் தொடை வலிப்பது இதனால்தான். நடுவயதில் தசை ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே போவதால், தாங்கும் தசை மெலிந்து பாரம் மூட்டின் மேல் இறங்குகிறது. அவர் கொடுத்த பயிற்சிகள் மூன்று. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து எழுவது ஒன்று. 350 ரூபாய் ரப்பர் பட்டையை முழங்கால்களுக்கு மேலே மாட்டிப் பக்கவாட்டில் நடப்பது இன்னொன்று. மூன்றாவதுதான் எனக்குப் பெரிதும் உதவியது. வீட்டு வாசலின் கடைசிப் படியில் ஒரு காலில் நின்று, மற்றக் காலின் குதிங்காலை நான்கு எண்ணுவதற்குள் மெல்லத் தரையில் தொட வைத்து மீண்டும் நிமிர வேண்டும். முதல் வாரத்தில் இடது காலில் மூன்று முறைக்கு மேல் முடியவில்லை. தொடை நடுங்கியது, முழங்கால் உள்பக்கமாகச் சாய்ந்தது. சுவரைப் பிடித்தபடி தொடங்கினேன். தை மாதத்தில் பத்து முறை செய்ய முடிந்தது. பங்குனியில் மூன்று சுற்றுகள். அந்தப் பங்குனியில்தான் படிகளில் இறங்கும்போது கை தானாகச் சுவரைத் தேடுவது நின்றது.

ஷூ விஷயத்தில் பணத்தை வீணாக்கினேன். முதல் ஜோடியின் அடிப்பகுதி வழவழப்பானது. ஐப்பசி மழையில் பாசி பிடித்த கல்லில் இரண்டு முறை வழுக்கியது. வாங்கிய கடையில் மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். இரண்டாவது ஜோடியை 3,200 ரூபாய்க்கு, ஆழமான பள்ளங்கள் உள்ளதாக, வழக்கமான அளவைவிட ஓர் எண் கூடுதலாக வாங்கினேன். இறக்கத்தில் பாதம் முன்னே தள்ளப்படுவதால், விரல்களுக்கு முன்னால் இடம் இல்லாவிட்டால் கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். எனக்கு அப்படி ஆகி, புது நகம் வளர மாதக்கணக்கில் ஆனது. மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்து வாங்குங்கள். எட்டு மாதங்களில் குதிங்கால் பகுதி தேய்ந்துபோய் மூன்றாவது ஜோடிக்கு மாறினேன்.

வாங்கியவற்றில் மிகப் பயனுள்ளது எது என்று கேட்டால், 1,900 ரூபாய் பிரஷர் மெஷின்தான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலர் பெண்ணிடம் கேட்டு, அவருடைய கருவியையும் என் கருவியையும் ஒரே நேரத்தில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டேன். இரண்டுக்கும் வேறுபாடு சிறிதே. ஐந்து நிமிடம் பேசாமல் அமர்ந்து, முதுகைச் சாய்த்து, கையை மார்பு உயரத்தில் மேசைமேல் வைத்து எடுக்க வேண்டும். படியேறி வந்தவுடன் எடுத்த அளவுகளைப் பார்த்து முதல் வாரத்தில் வீணாகப் பயந்தேன். நோட்டில் எழுதி வைத்ததால் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: கார்த்திகையில் 130 அளவில் இருந்தது, மார்கழியிலும் தையிலும் 138 வரை ஏறியது, மாசிக்குப் பின் தானாக இறங்கியது. குளிரில் இரத்த அழுத்தம் கூடுவது இயல்பே என்று மருத்துவர் சொன்னார். நோட்டு இல்லாதிருந்தால் பயிற்சி பலனளிக்கவில்லை என்று தை மாதத்தில் விட்டிருப்பேன்; அந்த எண்ணம் எனக்கு உண்மையாகவே வந்தது.

உணவில் பெரிதாக எதையும் துறக்கவில்லை. குளிருக்கு இதமாக நாளுக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை என்பதே என் இருபது ஆண்டுப் பழக்கம். கூட்டிப் பார்த்தால் நாற்பது கிராமுக்குக் குறையாது. முதல் மாதம் ஒன்றரைக் கரண்டி, அடுத்த மாதம் ஒன்று என்று குறைத்து, இப்போது காலை டீக்கு மட்டும் அரைக் கரண்டி. மாலை பஜ்ஜிக்குப் பதிலாகச் சுண்டல் என்று முடிவெடுத்ததில்தான் வேலை கூடியது. இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், மதுரையில் என் தங்கை நான்கு விசிலில் வேகவைக்கும் கொண்டைக்கடலைக்கு இங்கே ஏழு விசில் விட வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மொத்தமாக வேகவைத்து மூன்று நாளுக்கு எடுத்து வைத்துக்கொள்கிறேன். அதோடு தினம் இரண்டு முட்டை. தசைப் பயிற்சி செய்பவர்கள் புரதத்தைக் கூட்டாமல் சோற்றை மட்டும் குறைத்தால் சோர்வுதான் மிஞ்சும். முதல் இரண்டு மாதங்கள் நான் அந்தத் தவறைச் செய்தேன்.

நேரத்தைப் பற்றியும் ஒரு சொல். விடியுமுன் நடக்கச் செல்லும் ஆசையை விட்டுவிடுங்கள். பனிமூட்டத்தில் காட்டுமாடு பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. ஏழு மணிக்குப் பிறகே நான் கிளம்புகிறேன். சித்திரையிலும் வைகாசியிலும் ஏரிச் சாலை முழுவதும் வண்டிகளாகவும் சைக்கிள்களாகவும் குதிரைகளாகவும் இருக்கும் என்பதால் அப்போது உள்தெருக்களில் நடந்தேன்.

இந்த ஆடியில் எடுத்த பரிசோதனையில் ஹெச்பிஏ1சி 5.8, இரத்த அழுத்தம் 128/80, இடுப்பு 87 செ.மீ. எடை 64.5 கிலோ, அதாவது மூன்றரைக் கிலோதான் குறைந்திருக்கிறது. எடையை மட்டும் பார்த்திருந்தால் மனம் சோர்ந்திருக்கும். இந்தியப் பெண்களுக்குச் சொல்லப்படும் 80 செ.மீ. இடுப்பளவுக்கு இன்னும் தொலைவு இருக்கிறது, சர்க்கரையும் பாதுகாப்பான எல்லைக்குள் முழுமையாக வந்துவிடவில்லை. மாத்திரை இப்போது வேண்டாம், மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்ப்போம் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மறுபடி வாங்குவதாக இருந்தால் நல்ல ஷூ, பிரஷர் மெஷின், ரப்பர் பட்டை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வேன். வாட்ச் வாங்க மாட்டேன்.

சென்ற வாரம் பத்துக் கிலோ அரிசியை இரண்டு பைகளாகப் பிரித்து இரு கைகளிலும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். பூண்டு அக்கா வழக்கம்போல் மேல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். “இப்பத் தேவலை டீச்சரம்மா, ஆனா எடது காலை இன்னும் நம்ப மாட்டேங்குறீங்க, சட்டுன்னு மாத்திடுறீங்க” என்றார். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று பார்த்தேன், அவர் சொன்னது சரிதான். இந்த மாதம் இடது காலுக்கு மட்டும் ஒரு சுற்றுக் கூடுதலாகச் செய்துவருகிறேன்.