இங்கிலாந்தில் நர்சிங் அசோசியேட் படிப்பு: வேலையில் இருந்துகொண்டா, முழுநேர மாணவராகவா?

"அக்கா, நான் வார்டில் இருந்துகொண்டே படிக்கட்டுமா, வேலையை விட்டுவிட்டுப் பல்கலைக்கழகத்தில் சேரட்டுமா?" கிழக்கு லண்டனில் ஆறு ஆண்டுகளாக ஹெல்த்கேர் அசிஸ்டன்ட்டாக இருக்கும் தங்கை ஒருத்தி சென்ற மாதம் என்னிடம் கேட்டாள். இந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. யாழ்ப்பாணத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் வந்து, நோயாளிகளைக் குளிப்பாட்டி, உணவூட்டி, இரத்த அழுத்தம் பார்த்து, ஆண்டுகள் ஓடியதே தெரியாமல் இருக்கும் எத்தனையோ பெண்கள் கேட்டிருக்கிறார்கள்.

கேட்பவர்களுக்கு நாம் வழக்கமாகச் சொல்வது பணக்கணக்கு. ஒன்றில் மாதாமாதம் சம்பளம் வரும், மற்றதில் கடன் ஏறும். அது உண்மைதான். ஆனால் பயிற்சி மாணவர்களைப் பல ஆண்டுகளாக வார்டில் மேற்பார்வை செய்கிறவள் என்ற முறையில் என் கவலை வேறு. நர்சிங் அசோசியேட்டாகப் பதிவு எண் கிடைத்த மறுநாள் காலை, பார்த்ததற்கும் செய்ததற்கும் செய்யாமல் விட்டதற்கும் தானே பதில் சொல்ல வேண்டியவராக அவர் அந்த வார்டுக்குள் நுழைகிறார். அந்தக் காலைக்கு எந்தப் பாதை ஆளைத் தயார்படுத்துகிறது?

நர்சிங் அசோசியேட் என்ற இந்தப் பதவிக்கு வயது அதிகமில்லை. பதிவுபெற்ற செவிலியருக்கும், ஹெல்த்கேர் அசிஸ்டன்ட் போல எந்தப் பதிவேட்டிலும் பெயர் இல்லாத உதவிப் பணியாளருக்கும் இடையே ஒரு படி வேண்டும் என்று 2015 இறுதியில் அரசு அறிவித்தது. 2017இல் முதல் அணிகள் பயிற்சியைத் தொடங்கின. செவிலியரையும் மகப்பேற்றுச் செவிலியரையும் பதிவு செய்யும் என்.எம்.சி. கவுன்சில், 2019 ஜனவரி 28 அன்று நர்சிங் அசோசியேட்டுகளுக்கும் தன் பதிவேட்டைத் திறந்தது. இங்கிலாந்துக்கு மட்டும் என்று தொடங்கிய பதவி இது. ஸ்காட்லாந்துக்குக் குடிபோக நினைப்பவர்கள் இதை மறந்துவிடக் கூடாது. அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ். சம்பள வரிசையில் பதிவு பெற்றதும் பேண்ட் 4, புதிய செவிலியருக்கு பேண்ட் 5.

எந்த வாசல் வழியாகப் போனாலும் இலக்கு ஒன்றுதான். குறைந்தது 2,300 மணி நேரம் படிப்பு, அதில் பாதி நோயாளிகளின் அருகில். பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளில் முடியும், முழுப் பட்டத்துக்கு ஒரு படி கீழான ஃபவுண்டேஷன் டிகிரி. மருந்துக் கணக்குத் தேர்வில் நூற்றுக்கு நூறு வாங்கினால்தான் தேர்ச்சி. ஐந்து மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும் மருந்து, குழந்தைக்கு எழுதியிருப்பது 210 மில்லிகிராம், எத்தனை மில்லி? 8.75 என்று விடை வர வேண்டும். 8.5 என்று எழுதினால் பக்கத்தில் வந்ததற்கு மதிப்பெண் கிடையாது. அப்படித்தான் இருக்க வேண்டும்.

செவிலியரிடமிருந்து இவர்களைப் பிரிக்கும் கோடு எது என்பதை என்.எம்.சி. தகுதித் தரங்களின் தலைப்புகளிலேயே பார்க்கலாம். செவிலியருக்கு ஏழு, இவர்களுக்கு ஆறு. நோயாளியின் தேவைகளை மதிப்பிட்டுப் பராமரிப்பைத் திட்டமிடுவது செவிலியருக்குரியது. அந்தத் தலைப்பு இவர்களிடம் இல்லை. பராமரிப்பை வழங்கிக் கண்காணிப்பது இவர்கள் வேலை. பல துறையினரின் பராமரிப்பை செவிலியர் ஒருங்கிணைக்கிறார், இவர்கள் அதற்குப் பங்களிக்கிறார்கள். ஆனால் பட்டியலின் முதல் தலைப்பு இருவருக்கும் ஒன்றே: தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்கும் தொழிலர். நடத்தை விதிகளும் ஒன்றே. அந்த முதல் தலைப்பில்தான் இரண்டு படிப்புப் பாதைகளும் பிரிகின்றன என்பது என் அனுபவம்.

முழுநேர மாணவராகச் சேர்ந்தவர் வார்டில் இருக்கும் நேரம் முழுவதும் 'சூப்பர்நியூமரரி'. பணிப்பட்டியலில் தலைக்கணக்கில் சேராதவர் என்று பொருள். அவர் வராவிட்டாலும் வார்டு ஓட வேண்டும். வேலையில் இருந்துகொண்டே படிக்கும் அப்ரண்டிஸ் வழியில் வருபவர் ஊழியர். அவருக்கு என்.எம்.சி. வைத்திருக்கும் விதி: படிப்புக் காலத்தில் குறைந்தது 20 விழுக்காடு கல்விக்கு, குறைந்தது இன்னொரு 20 விழுக்காடு தன் பணியிடத்துக்கு வெளியே பிற இடங்களில் பயிற்சிக்கு விடுவிக்கப்பட வேண்டும், மீதி நேரம் சொந்தப் பணியிடத்தில் கழிந்தாலும், அங்கேயும் கற்பதற்கென்று பாதுகாக்கப்பட்ட நேரம் உறுதியாக இருக்க வேண்டும். 'பாதுகாக்கப்பட்ட' என்ற சொல்லுக்கு மீண்டும் வருகிறேன்.

பணத்தைப் பற்றி இரண்டு வரி போதும். அப்ரண்டிஸுக்குக் கல்விக் கட்டணம் இல்லை, சம்பளம் உண்டு, படிப்பு முடிந்ததும் பெரும்பாலும் அதே இடத்தில் வேலை காத்திருக்கும். நேரடியாக முழுநேர மாணவராகச் சேர்பவர் கட்டணம் கட்டுகிறார், வேலையைத் தானே தேட வேண்டும். வீட்டு வாடகையும் இரண்டு குழந்தைகளும் இருப்பவருக்கு இது பல சமயம் தேர்வாகவே இருப்பதில்லை.

இனி வார்டுக்கு வருவோம். பிற்பகல் இரண்டு மணி. இடுப்பு எலும்பு முறிந்து அறுவை செய்து மூன்றாம் நாள், எண்பது வயது தாண்டிய பாட்டி. மூச்சு நிமிடத்துக்கு 22. ஆக்சிஜன் அளவு 94, குழாய் இல்லாமல். நாடி 96. வெப்பம் 38.2. மேல் இரத்த அழுத்தம் 118. கண் திறந்திருக்கிறார், கேட்டால் பேசுகிறார். நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே காட்ட இங்குள்ள மருத்துவமனைகள் பயன்படுத்தும் நியூஸ் 2 அட்டவணையில் கூட்டினால் மூச்சுக்கு 2, ஆக்சிஜன், நாடி, வெப்பம் மூன்றுக்கும் ஒவ்வொன்று, ஆக 5. ஐந்து வந்தாலே அவசரமாக ஒருவர் வந்து பார்க்க வேண்டும். அப்போது பக்கத்தில் அமர்ந்திருக்கும் மகள் சொல்கிறார்: "அம்மா காலையிலிருந்து என்னைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்." அதுவரை இல்லாத குழப்பம். அதற்கு மட்டும் 3. இப்போது எட்டு. ஏழோ அதற்கு மேலோ வந்தால் அவசரநிலை அழைப்பு.

இதே இடத்தில் இரண்டு வகை மாணவர்களும் வெவ்வேறு விதமாகத் தடுமாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நேரடி மாணவர் எண்களைத் துல்லியமாகக் கூட்டுவார், ஐந்து என்றதும் ஓடிவருவார். ஆனால் மகளிடம் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார். கண் திறந்திருந்ததால் 'விழிப்பு' என்று குறித்துவிட்டு வந்திருப்பார். அப்ரண்டிஸ் தலையணையைச் சரிசெய்தபடியே மகளோடு பேசிவிடுவார். எண்ணுக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும், பாட்டி நேற்றுப் போல் இல்லை என்று. பத்து ஆண்டுகள் படுக்கையருகில் நின்ற கண் அது. எந்தப் பாடத்திலும் கிடைக்காது. ஆனால் அவர் அடுத்துச் செய்வது என்ன? மருந்து வண்டியோடு நிற்கும் செவிலியரிடம் போய், "சிஸ்டர், ஏழாம் படுக்கைப் பாட்டி இன்று சரியில்லை" என்று சொல்லிவிட்டு, தேநீர் கொடுக்கப் போய்விடுவார். சொல்லியாயிற்று, கடமை முடிந்தது. உதவிப் பணியாளராக இருந்தவரை அதுதான் அவருக்குக் கற்றுத்தரப்பட்ட ஒழுங்கு.

பதிவேட்டில் பெயர் வந்தபின் அந்த ஒழுங்கு போதாது. எத்தனை மணிக்குப் பார்த்தீர்கள், யாரிடம் சொன்னீர்கள், அவர் வரவில்லை என்றதும் என்ன செய்தீர்கள், எங்கே எழுதினீர்கள் என்று கேட்பார்கள். நோயாளியின் நிலையைத் தெரிவிக்க இங்கே நான்கு படி முறை ஒன்று உண்டு: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. என் அப்ரண்டிஸ்கள் முதல் இரண்டையும் அழகாகச் சொல்வார்கள். மூன்றாவதில் குரல் இறங்கும். நான்காவதைச் சொல்லவே மாட்டார்கள். "மருத்துவர் பத்து நிமிடத்துக்குள் வந்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்" என்ற வாக்கியத்தை ஒருவர் வாயிலிருந்து வரவழைக்க எனக்கு நான்கு மாதங்கள் ஆயின. அறிவுக்குறை எதுவும் இல்லை அவரிடம். நேற்றுவரை நாம் இருந்த இடத்திலேயே இன்று வேறொருவராகப் பேசுவது கடினம். முந்தைய வாரம் சேர்ந்து சோறு உண்ட தோழியிடம் ஒரு வேலையை ஒப்படைத்து, அதைச் சரியாகச் செய்தாரா என்று பார்ப்பது அதைவிடக் கடினம்.

ஆகவேதான் பணியிடத்துக்கு வெளியே நடக்கும் அந்த வெளியிடப் பயிற்சி உயிர்நாடி என்கிறேன். நர்சிங் அசோசியேட் எந்த ஒரு பிரிவுக்கும் உரியவர் இல்லை. குழந்தை, முதியவர், மனநலம், கற்றல் குறைபாடு என்று எல்லாரையும் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காரணத்துக்காகவே வெளியே அனுப்புகிறார்கள். அதோடு இன்னொன்றும் நடக்கிறது. குழந்தைகள் வார்டில் அவரை யாருக்கும் பழைய ஹெல்த்கேர் அசிஸ்டன்ட்டாகத் தெரியாது. அங்கே அவர் மாணவர் மட்டுமே. கேள்வி கேட்கலாம், தெரியாது என்று சொல்லலாம். திரும்பி வரும்போது நடையே மாறியிருக்கும்.

பாதுகாக்கப்பட்ட அந்த நேரத்தில்தான் வேலை தருகிறவர்கள் கை வைக்கிறார்கள். நான் மேற்பார்வை செய்த ஒருவர் சமூக செவிலியர் குழுவோடு வீடு வீடாகப் போய்க் காலில் ஆறாத புண்ணுக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொண்டிருந்தார். இரண்டாம் வாரம் காலை பதினொரு மணிக்குத் தொலைபேசி: "இரண்டு பேர் வரவில்லை, திரும்பி வந்துவிடு." போனார். மறுவாரமும் அழைத்தார்கள். கடைசியில் அவருடைய மதிப்பீட்டு ஏட்டில் அந்தப் பக்கம் பாதி காலியாக இருந்தது. அதை நிரப்ப விடுமுறை நாட்களைக் கொடுத்தார். சம்பளம் தருகிறவர் கூப்பிடும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? நேரடி மாணவருக்கு இந்தச் சங்கடம் மிகக் குறைவு. அவரை ஷிஃப்ட்டுக்குக் கூப்பிட உரிமையுள்ள முதலாளி யாரும் இல்லை. ஆள் பற்றாத நாளில் அவரையும் கைவேலைக்கு இழுப்பது உண்டு, ஆனால் அவர் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வரி எழுதினால் நிலைமை மாறும்.

நேரடி வழிக்கும் குறை உண்டு. சில வாரங்களுக்கு ஒருமுறை புது இடம். பெயர் பழகுவதற்குள் கிளம்ப வேண்டும். ஒரு நோயாளியைச் சேர்க்கையிலிருந்து வீடு திரும்பும்வரை தொடர்ந்து பார்க்கும் வாய்ப்பு அரிது. முன்பு பராமரிப்பு வேலையே செய்யாதவர் என்றால், முதல் ஆண்டின் பெரும்பகுதி ஒரு முதியவரை வலிக்காமல் திருப்பிப் படுக்கவைக்கக் கற்பதிலேயே போய்விடும். கை பழகாத பயத்தில் மனம் மற்றதைப் பார்ப்பதில்லை.

இந்த இரண்டையும் ஒப்பிடுமுன் சிலரிடம் நான் வேறொன்று கேட்பேன்: நீங்கள் ஏற்கெனவே செவிலியரா? இந்தியாவில் ஜி.என்.எம். டிப்ளமோ அல்லது பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு, ஆங்கிலத் தேர்வில் ஒரு பகுதி தவறியதால் இங்கே உதவிப் பணியில் தங்கிவிட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் இந்த இரண்டு ஆண்டுப் படிப்பில் சேர்ந்தால் இரண்டு படி கீழிறங்கி ஒரு படி ஏறுகிறார்கள். 2023இல் என்.எம்.சி. ஆங்கிலச் சான்று விதியைச் சற்றுத் தளர்த்தியது. மயிரிழையில் மதிப்பெண் தவறியவர், இங்கே சுகாதாரப் பணியில் ஓராண்டாவது வேலை செய்திருந்தால், மேலாளரின் சான்றையும் சேர்த்து விண்ணப்பிக்க அப்போது வழி வந்தது. முதலில் அந்தக் கதவைத் தட்டுங்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது. 1943ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேர்கொண்ட 'என்ரோல்டு நர்ஸ்' என்ற இரண்டாம் நிலைச் செவிலியர் இந்த நாட்டில் பல பத்தாண்டுகள் இருந்தார்கள். போருக்குப் பின் கரீபியத் தீவுகளிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் வந்த பெண்கள் பலரை, முழுச் செவிலியர் பயிற்சிக்குத் தகுதி இருந்தும், அந்த இரண்டாம் நிலைக்கே திருப்பிவிட்டார்கள். சிலருக்கு ஊர் திரும்பியபோதுதான் அந்தச் சான்று அங்கே செல்லாது என்று தெரிந்தது. இன்றைய நர்சிங் அசோசியேட்டுக்கு மேலே போகும் ஏணி திறந்திருக்கிறது: முந்தைய படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் செவிலியர் பட்டத்தை முடிக்கலாம். அதில் ஏற இடமும் நிதியும் உண்டா என்பதை முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

என் தீர்ப்பைக் கேட்டால்: கை பழகியவருக்கு, பாதுகாக்கப்பட்ட நேரத்தை உண்மையிலேயே பாதுகாக்கும் முதலாளி கிடைத்தால், அப்ரண்டிஸ் வழிதான். படுக்கையருகே பழகிய கண்ணும் புதிய பொறுப்பும் ஒரே ஆளிடம் சேரும்போது வருகிற நர்சிங் அசோசியேட்டுக்கு ஈடில்லை. என் தாயை அவரிடம் விடுவேன். அந்த நேரத்தை விழுங்கும் இடம் என்றால், கடன் ஏறினாலும் நேரடி வழியே மேல். இரண்டு ஆண்டுகள் மலிவாக ஷிஃப்ட் பார்த்துவிட்டுப் பதிவு எண்ணோடு, ஆனால் பழைய பயத்தோடு நிற்பவரை நான் பார்த்திருக்கிறேன். முதல் மாதத்திலேயே தூக்கம் போய்விட்டது அவருக்கு.

தங்கையிடம் மூன்று கேள்விகளைக் கொடுத்தேன். என்னை மதிப்பிடப்போகிறவர் யார், அவர் என் ஷிஃப்ட்டில் எத்தனை நாள் இருப்பார்? படிப்பு முடிந்தால் செவிலியர் பட்டத்துக்கு அனுப்புவீர்களா? போன அணியில் எத்தனை பேரை வெளியிடப் பயிற்சியிலிருந்து பாதியில் திரும்ப அழைத்தீர்கள்? வியாழக்கிழமை அவளுக்கு நேர்காணல். மூன்றையும் கைபேசியில் குறித்துக்கொண்டு, கடைசிக் கேள்வியைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று தயங்கினாள். அதையே முதலில் கேள் என்றேன்.